வாசகர் கேள்விகள்: விளக்கைப் போட்டதும் எழுந்து போய்விடுகிறார்கள்

கேள்வி: எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் சார்பில் மாதம் ஒரு படம் போடுகிறோம். முதலில் சிறப்பு விருந்தினர் பேச்சு, அடுத்து படம், கடைசியில் கலந்துரையாடல். 40 பேர் வருகிறார்கள். விளக்கைப் போட்டதும் கிளம்பிவிடுகிறார்கள். பேச மிஞ்சுவது நாங்கள் ஆறேழு பேர்தான். என்ன செய்யலாம்?
– வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: நாற்பது பேர் வருகிறார்கள் என்பதே எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. 19 வருடம் எங்கள் ஊர்த் திரைப்படக் கழகத்துக்குச் செயலாளராக இருந்தேன். பல மாதம் பதினைந்து பேரைத் தாண்டியதில்லை.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய அழைப்பிதழைப் பார்த்தேன். ஐந்தரைக்கு வரவேற்புரை, முன்னிலை, வாழ்த்துரை, சிறப்புரை. படம் தொடங்கவே ஏழு மணி ஆகிவிடும் போலிருக்கிறது. எட்டரைக்கு மேல் யார் உட்காருவார்கள்? கடைசி பஸ் இருக்கிறது, வீட்டில் மாவு புளித்துக்கொண்டிருக்கிறது. அவர்களுக்கு ஆர்வம் இல்லை என்று நினைக்காதீர்கள். அவர்கள் பேச வேண்டிய நேரத்தை மேடை எடுத்துக்கொண்டுவிட்டது.

ஐந்தரை என்றால் ஐந்தரைக்குப் படத்தைப் போட்டுவிடுங்கள். விருந்தினரும் கூட்டத்தோடு உட்கார்ந்து பார்க்கட்டும். படத்துக்கு முன்னால் அவர் பேசவே வேண்டாம். ஒருமுறை எங்களிடம் வந்த ஒருவர் ஒரு மணி நேரம் பேசி, கதையின் முடிவையும் சொல்லிவிட்டார். அன்றைக்குப் படம் முடிந்ததும் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் அவரே சொல்லிவிட்டாரே!

அதற்கு அடுத்த மாதம் ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ போட்டோம். 1948இல் வந்த இத்தாலியப் படம், ஒன்றரை மணி நேரம்தான். சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைத்த ஒருவனின் சைக்கிள் முதல் நாளே திருடு போய்விடுகிறது. அந்தத் தடவை முதலில் பேசச் சொன்னது பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த அண்ணனை. கையில் கிரீஸ் கறையோடு எழுந்தார். “சந்தையில தேடும்போது ஒருத்தர் டயரைப் பாருங்க, ஒருத்தர் பெல்லையும் பம்பையும் பாருங்கன்னு பிரிச்சுக்கிட்டாங்க பாருங்க, அது சரியான விவரம். திருட்டு வண்டி முழுசா கைக்கு வராது. ஃபிரேமுக்கு பெயின்ட் அடிச்சிட்டிருந்தானே, நானா இருந்தாலும் அந்த ஃபிரேம் நம்பரைத்தான் முதல்ல பார்த்திருப்பேன்” என்றார். அவ்வளவுதான், கூடம் கலகலவென்று ஆகிவிட்டது. படத்தின் தொடக்கத்தில், அடகில் கிடக்கும் சைக்கிளை மீட்க நாயகனின் மனைவி படுக்கை விரிப்புகளை அடகு வைக்கிறாள் அல்லவா? அடகுக்கடை ஆள் அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுக்கடுக்கான மூட்டைகளுக்கு மேலே ஏறுவான். “அம்புட்டு வீட்டு விரிப்பும் அங்கதான் இருக்கு” என்று பின்வரிசையில் ஒரு அம்மா மெதுவாகச் சொன்னார். எங்கள் பேராசிரியர்களில் யாரும் அதைக் கவனித்திருக்கவில்லை.

அன்று முதல் விருந்தினரைத் தேர்ந்தெடுக்கும் முறையையே மாற்றிக்கொண்டோம். பாலுமகேந்திராவின் ‘வீடு’ போட்டபோது ஒரு கொத்தனாரையும், வீட்டுக் கடன் வாங்கிக் கட்டி முடித்த ஓர் ஆசிரியையையும் கூப்பிட்டோம். சினிமா தெரிந்தவர்களும் வேண்டும்தான். பொதுமக்கள் நாலு பேர் பேசிய பிறகு அவர்கள் பேசினால், அந்த நாலு பேருக்கும் பதில் சொல்வதுபோல் பேசுவார்கள். பத்து நிமிடம் போதும்.

இன்னும் ஒன்று. “படம் எப்படி இருந்தது?” என்று கேட்காதீர்கள். “நல்லா இருந்தது” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். “எந்தக் காட்சி கண்ணிலேயே நிற்கிறது?” என்று கேட்டுவிட்டு, சும்மா இருங்கள். ஒரு நிமிடம் யாரும் பேச மாட்டார்கள். அந்த ஒரு நிமிடத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். டீயை வாசலில் வைக்காமல் உள்ளே கொண்டுவந்து கொடுங்கள். வாசலுக்குப் போனவர் திரும்பி வருவதில்லை.

கேள்வி: வெளிநாட்டுப் படம் போட்டால் பெரியவர்களால் ஆங்கில சப்டைட்டில் படிக்க முடியவில்லை. பக்கத்தில் இருப்பவர் சத்தமாகச் சொல்வது மற்றவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கிறது.
– கல்லூரி ஆசிரியை, தேனி

பதில்: நீங்கள் கல்லூரியில் இருப்பதால் ஒரு வழி சொல்கிறேன். சப்டைட்டில் கோப்பை நோட்பேடிலேயே திறக்கலாம். நேரக் குறிப்பைத் தொடாமல் ஆங்கில வரியை அழித்துவிட்டுத் தமிழில் அடித்து, தமிழ் எழுத்து சிதையாமல் தெரிய யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் போதும். எங்களுக்கு நாலு மாணவர்கள் இரண்டு வாரத்தில் ஒரு படம் செய்து கொடுத்தார்கள். வரி சின்னதாக இருக்கட்டும், பேச்சுத் தமிழாகவே இருக்கட்டும்.

அதுவரை பேச்சு குறைந்த படமாகப் போடுங்கள். ‘ரெட் பலூன்’ 34 நிமிடம்தான், ஒரு பையனும் ஒரு பலூனும். தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து பார்ப்பார்கள்.

கேள்வி: இந்தத் திரைப்படக் கழகங்கள் நம் நாட்டில் எப்போது ஆரம்பித்தன?
– மாணவர், திருநெல்வேலி

பதில்: 1947இல் சத்யஜித் ராய், சிதானந்த தாஸ்குப்தா முதலானோர் கல்கத்தாவில் ஒரு கழகம் தொடங்கினார்கள். ராய் அப்போது ஒரு படம்கூட எடுத்திருக்கவில்லை. 1959இல் கழகங்களுக்கான கூட்டமைப்பு உருவானபோது அவரே முதல் தலைவர். கேரளத்தில் 1965இல் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் ‘சித்ரலேகா’வைத் தொடங்கினார்கள். எனக்கு மிகவும் பிடித்தது மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமின் ‘ஒடேசா’ குழு. ஊர் ஊராகப் படம் காட்டி மக்களிடம் காசு திரட்டி, அந்தக் காசிலேயே ‘அம்ம அறியான்’ (1986) எடுத்தார்கள். எங்கள் காலத்தில் 16 எம்எம் பிரிண்ட் இரும்புப் பெட்டியில் ரயில் பார்சலில் வரும். ரீல் மாற்றும் இடைவெளியிலேயே பாதி விவாதம் நடந்துவிடும்.

கேள்வி: என் ஓடிடி கணக்கிலிருந்தே படம் போடலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: வேண்டாம். அந்தச் சந்தா உங்கள் வீட்டுக்கு மட்டும்தான். டிக்கெட் இல்லை என்பதால் பொது இடத்தில் போடலாம் என்று ஆகிவிடாது. உரிமை வைத்திருப்பவருக்குக் கடிதம் எழுதுங்கள், பதிலைக் கோப்பில் வையுங்கள். முதல் மாதம் நம் பக்கத்துக் குறும்பட இயக்குநர் ஒருவரிடமிருந்து தொடங்கினால் சுலபம். அனுமதியும் கிடைக்கும், அவரே வந்து மக்களோடு உட்கார்ந்தும் பார்ப்பார். பஸ் செலவை மட்டும் மறக்காமல் கொடுத்துவிடுங்கள்.