சதுப்பு நிலத்தை வரைவதால் என்ன ஆகப் போகிறது?

"நகரம் இயற்கையை விழுங்கிக்கொண்டே போகிறது, இதில் உட்கார்ந்து பறவையும் செடியும் வரைவதால் என்ன ஆகப் போகிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். சில வருடங்களாக அந்தச் சதுப்பு நிலத்தைத்தான் வரைகிறேன்.

ஆரம்பத்தில் ஒரு தப்பு செய்தேன். துரைப்பாக்கம்-பல்லாவரம் சாலையோரம் நின்றால் எதிரே சம்புப் புதர், தண்ணீர், அதற்குப் பின்னால் வரிசையாக அடுக்குமாடிகள். வரையும்போது கட்டடங்களை மட்டும் விட்டுவிடுவேன், படம் குளுகுளுவென்று வரும். ஒரு நாள் மாடிவீட்டு அக்கா பார்த்துவிட்டு, "அழகா இருக்கே, எந்த ஊரு இது, கேரளாவா?" என்றார். தினமும் அந்தச் சாலையில்தான் அவர் வேலைக்குப் போகிறார்! எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது.

அப்புறம் எதையும் விடுவதில்லை. ஆக்னஸ் டெனஸ் என்ற கலைஞர் 1982-ல் நியூயார்க்கில், மன்ஹாட்டனின் தென்கோடியில் மண் கொட்டி நிரப்பிய இடத்தில் இரண்டு ஏக்கர் கோதுமை விதைத்து அறுவடையும் செய்தார். அந்தப் புகைப்படங்களில் கதிர்களுக்குப் பின்னாலேயே உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்கள் நிற்கும். கோபுரம் இல்லாவிட்டால் அது வெறும் வயல்.

இப்போது என் படங்களில் நீலத் தாழைக்கோழி இருக்கும், அதன் தலைக்கு மேல் பால்கனியில் காயும் துணியும் இருக்கும். அந்தக் கோழி சம்புத் தண்டை ஒடித்து, ஒரு காலால் நாம் கையில் கரும்பு பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருக்கும் வெள்ளைக் குருத்தைக் கொத்தித் தின்னும். அந்தச் சிவப்பு விரல்கள் தண்டைச் சுற்றி மடங்குவதைச் சரியாகக் கொண்டுவர எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை பிடித்தது.

சரி, பயன்? ஒருகாலத்தில் சுமார் 50 சதுர கிலோமீட்டர் பரந்திருந்த சதுப்பு இது. பெரும்பகுதி வீடாகவும் சாலையாகவும் குப்பைமேடாகவும் ஆன பிறகு, 2022-ல்தான் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. தென்சென்னை ஏரிகளில் வழிகிற தண்ணீர் இங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு என்ற கால்வாய் வழியாகக் கடலுக்குப் போக வேண்டும். இதையெல்லாம் வாயால் சொன்னால் எங்கள் குடியிருப்பில் யாரும் காது கொடுப்பதில்லை, ஆனால் மாடிப்படிச் சுவரில் படத்தை மாட்டியதும் நின்று பார்க்கிறார்கள், தண்ணீருக்கு மேல் விரலை வைத்து "இங்கதானே நம்ம பிளாட்?" என்று கேட்கிறார்கள். அந்த மாடிவீட்டு அக்கா இப்போது தன் மகளை என்னோடு வரைய அனுப்புகிறார்.

நீங்களும் தொடங்குவதானால் விலை உயர்ந்த வண்ணம் வேண்டாம், பக்கத்தில் இருக்கும் குட்டையோ புங்க மரமோ போதும், திரும்பத் திரும்ப அதே இடத்துக்குப் போங்கள். படத்துக்குப் பின்னால் தேதியும் இடமும் மறக்காமல் எழுதுங்கள். 2018-ல் நான் வரைந்த ஒன்றில் இடப்பக்கம் முழுக்கத் தண்ணீர், நடுவில் நான்கு நாமக்கோழிகள். போன மாதம் அதே இடத்தில் நின்று வரைந்தேன், இடப்பக்கம் முழுக்கச் சுற்றுச்சுவர்.