ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (சுருக்கமாக ஏ.எஃப்., இதயத்தின் மேலறைகள் தாளம் தப்பித் துடிக்கும் கோளாறு) நிரந்தரம் என்று சொல்லிவிட்டார்கள். இனி உடற்பயிற்சி செய்யலாமா, கூடாதா?

செய்யலாம். நானே செய்கிறேன். வயது 63. ஏ.எஃப். வந்து ஆறு வருடம். அதில் நான்கு வருடமாக, இனி தாளம் பழையபடி திரும்பாது என்கிற நிரந்தர வகை.

உங்கள் வீட்டிலும் இந்நேரம் ஒரு குடம் தூக்க விடாமல் உட்கார வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் பால் பாக்கெட் எடுக்கக்கூட வாசலுக்கு விடவில்லை. ஒன்றரை வருடத்தில், நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. இதயம் செய்தது பாதி, சோபா செய்தது மீதி.

அப்புறம் டாக்டரே நடக்கச் சொன்னார். மகன் உடனே ஒரு ஸ்மார்ட் வாட்ச் அனுப்பினான். முதல் நாள் தெருமுனை தாண்டவில்லை, வாட்ச் 148 என்றது. அடுத்து 61. மறுபடி 132. பயந்துபோய் யார் வீட்டுப் படியிலோ உட்கார்ந்து மகனுக்குப் போன் செய்தேன். அவன் பெங்களூரிலிருந்தே சொந்தம் முழுக்கச் சொல்லிவிட்டான். ஆட்டோ பிடித்துப் போய் ஈ.சி.ஜி. எடுத்தால் 96. ஈ.சி.ஜி. செலவைக்கூடப் பொறுக்கலாம், நாத்தனார் மூன்று நாள் வந்து விசாரித்ததைத்தான் தாங்க முடியவில்லை.

பிசியோதெரபி பெண்தான் விளக்கினார். ஏ.எஃப்.-இல் சில துடிப்புகள் பலவீனமாக இருப்பதால் மணிக்கட்டு வரை வந்து சேராது, வாட்ச் எண்ணிக்கையில் கோட்டை விடும். போதாக்குறைக்கு நாம் விழுங்கும் பீட்டா பிளாக்கர் துடிப்பை அடக்கி வைப்பதால், 220-இல் வயதைக் கழித்து அதிகபட்சத் துடிப்பைக் கண்டுபிடிக்கும் கணக்கும் செல்லாது. "நடக்கும்போது பேச வரணும், பாட வரக்கூடாது. அந்த வேகம் போதும்மா" என்றார். எனக்கு உட்கார்ந்திருந்தாலே பாட வராது, அது வேறு விஷயம். வாட்ச் பீரோவுக்குள் போனது.

10 நிமிடத்தில் ஆரம்பித்தேன். இப்போது வாரம் ஐந்து நாள், 35 நிமிடம். முதல் ஐந்தும் கடைசி ஐந்தும் மெதுவாக. ஆறு நிமிட நடைச் சோதனையில் முதலில் 310 மீட்டர், ஐந்து மாதம் கழித்து 395. ஈ.சி.ஜி. கிறுக்கல் மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

"நீங்க என்ன டாக்டரா?" என்று கீழே கேட்கப் போகிறவர்களுக்கு: டாக்டரைக் கேட்காமல் தொடங்கச் சொல்லவில்லை. நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் உடற்பயிற்சியாலேயே ஏ.எஃப். வரும் என்று செய்தியைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். ஸ்வீடனில் 90 கி.மீ. பனிச்சறுக்குப் போட்டிக்குத் திரும்பத் திரும்பப் போனவர்களிடம் தாளக் கோளாறு அதிகம் என்பது நிஜம். நான் காய்கறிக் கடை வரைக்கும்தான் போகிறேன்.

எனக்குப் பயமே வேறு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவள் தடுக்கி விழுந்து தலையில் அடிபடக் கூடாது. எங்கள் பூங்கா நடைபாதையிலோ பத்தடிக்கு ஒரு கல் பெயர்ந்து கிடக்கிறது. இரண்டு முறை மனு கொடுத்தேன். போன மாதம் ஆட்கள் வந்தார்கள். சுற்றுச்சுவரில் மான் படம் வரைந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.