தொடுவாயைக் கேட்டுவிட்டு வாருங்கள்: நந்திக்கடல், நாயாறு பற்றிய கேள்வி பதில்

நந்திக்கடலும் நாயாறும் முல்லைத்தீவுக் கரையோரத்திலுள்ள களப்புகள், அதாவது கடலை ஒட்டிய ஆழம் குறைந்த உவர்நீர்நிலைகள். பேராற்றின் நீர் நந்திக்கடலில் சேர்ந்து வட்டுவாகல் பக்கமாகக் கடலை அடைகிறது. தெற்கே செம்மலையைத் தாண்டினால் நாயாறு வருகிறது. இவ்விரண்டையும் காண வர விரும்புவோர் கேட்டவற்றுக்கு, இக்கரையில் வளர்ந்தவன் என்ற முறையில் பதில் தருகிறேன்.

வவுனியாவிலிருந்து ஓர் ஆசிரியை: எந்த மாதத்தில் வருவது நல்லது?

மாதத்தைவிடத் தொடுவாய், அதாவது களப்பு கடலோடு சேரும் வாய், திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதையே முதலில் கேட்க வேண்டும். கார்த்திகை, மார்கழி மழையில் நீர் நிறைந்து, கடலோர மணல்மேட்டை உடைத்துக்கொண்டு பாயும். மழை ஓய்ந்து ஆற்றின் வேகம் தணிந்தபின், அலைகள் மணலைச் சேர்த்து அவ்வாயை மறுபடி அடைத்துவிடும். உடைத்துப் பாயும் நாட்களில் எந்த வள்ளமும் அதன் அருகே போகக் கூடாது. தை பிற்பகுதியிலிருந்து பங்குனி வரை நீர் அடங்கியிருக்கும், பறவைகளும் இருக்கும். நான் சொல்லும் காலம் அதுவே. ஆடி, ஆவணியில் நீர் வற்றி உப்பேறிச் சூடாவதால் மீன்கள் செத்து மிதப்பதும் உண்டு.

கிளிநொச்சியிலிருந்து ஓர் இளைஞர்: என்னிடம் கயாக் இருக்கிறது. நாயாற்றில் தனியாகத் துடுப்புப் போடலாமா?

தனியாக வேண்டாம், தம்பி. நீர் இடுப்பளவுதானே என்று நினைத்து இறங்குபவரைப் பிடித்துக்கொள்வது அடியிலுள்ள சேறு. முதலையும் உண்டு, கண்டல் மரங்களின் ஓரத்திலும், நன்னீர் வந்து கலக்கும் இடங்களிலும் ஒதுங்கிக் கிடக்கும். இவற்றைவிட நான் அஞ்சுவது காற்றை. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் விடியற்காலை கண்ணாடிபோல் கிடக்கும் நீர், வெயில் ஏறியதும் அலையெழுப்பத் தொடங்கும். காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால், களைத்த கை துடுப்பை நிறுத்தினால் கயாக் தொடுவாய்ப் பக்கமே ஒதுங்கும். விடியும்போது இறங்கி ஒன்பது மணிக்குள் கரையேறுங்கள். மிதவை அங்கி அணியுங்கள். அன்றைய நீரை அறிந்த மீனவர் ஒருவரை அவருடைய வள்ளத்தில் உடன் வரச் சொல்லி, அவருடைய உழைப்புக்குரிய கூலியைக் கொடுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தாயார்: 2009இல் அத்தனை உயிர்கள் போன நந்திக்கடலில் உல்லாசமாகப் படகு விடுவது முறையா?

அம்மா, இக்கேள்வி என் மனதிலும் இருக்கிறது. உல்லாசப் படகுக்கு நாயாற்றையே நான் சொல்வேன். நந்திக்கடலுக்கு வருபவர்கள் கரையில் அமைதியாக நின்று பார்க்கலாம். மே 18 ஐ ஒட்டிய நாட்களில் அங்கு வருபவர்கள் தம் உறவுகளை நினைந்து அழ வருபவர்கள், அவர்களுக்கு இடம் விடுவோம். அதே கரையிலுள்ள வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயிலில், வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிப்பது தலைமுறைகளாக நடந்து வருகிறது.

கனடாவிலிருந்து ஒருவர்: பிள்ளைகளோடு தூண்டில் போடலாமா? இறால் எங்கே கிடைக்கும்?

இரண்டு நீர்நிலைகளும் 2017இல் இயற்கை ஒதுக்கங்களாக அறிவிக்கப்பட்டவை என்பதால், வனசீவராசிகள் திணைக்களத்திடம் அனுமதி விபரம் கேட்டபின்பே தூண்டில் எடுங்கள். மணலை, ஓரா, கொடுவா ஆகிய மீன்கள் இங்கே கிடைப்பவை. இறாலுக்கும் தொடுவாய்க்கும் நேரடித் தொடர்பு உண்டு: கடலில் பொரித்த குஞ்சுகள் திறந்த வாய் வழியாக உள்ளே வந்து, இங்கே வளர்ந்து, முட்டையிடக் கடலுக்கே திரும்புகின்றன. வாய் திறவாத ஆண்டில் வீச்சுவலைக்காரர் வீட்டில் உலை கொதிப்பது கடினம். ஆகவே இறாலை நீங்கள் பிடிப்பதைவிட அவர்களிடம் வாங்குவதையே விரும்புகிறேன். தங்கூசி வலையை, அதாவது ஒற்றை நைலான் இழையால் ஆன வலையை, எவர் தந்தாலும் தொடாதீர்கள். அது சட்டப்படி தடை செய்யப்பட்டது.

அவரே: பற்றைக்குள் நடக்கலாமா?

கூடாது. மிதிவெடி எச்சரிக்கைப் பலகை இல்லாத இடத்திலும், ஊரவர் நடந்து பழகிய தடத்தை விட்டு விலகாதீர்கள்.

மன்னாரிலிருந்து ஒரு மாணவி: பூநாரைகளை அருகில் சென்று படமெடுக்க முடியுமா?

வடக்கிலிருந்து வரும் வாத்துகளும் கரைப்பறவைகளும் ஐப்பசியிலிருந்தே சேரத் தொடங்கும். நீர் வற்றி ஆழம் குறையும்போது பூநாரைகள் கூட்டமாக இறங்கி இரை தேடும். வள்ளத்தில் நெருங்கினால் கூட்டம் முழுவதும் எழும்பிவிடும். பிறகு அன்று அவை நிம்மதியாக மேயாது. கரையில் அசையாமல் இருந்து தொலைநோக்கியில் பாருங்கள். மறைவுக்கென்று கரையோரத் தில்லை மரத்தின் கொப்பை முறித்துவிடாதீர்கள், மகளே. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே சில காலம் மறைந்துவிடும். பட்டுவிட்டால் தேய்க்காமல் நல்ல தண்ணீரால் நெடுநேரம் கழுவி, உடனே முல்லைத்தீவு வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.