முட்டை விற்றுக் கடனை அடைக்க முடியுமா?

கேள்வி: வீட்டின் பின்புறத்தில் 8 கோழிகள், ஒரு காய்கறித் தோட்டம், ஒரு நாய், ஒரு பூனை வைத்திருக்கிறேன். கூண்டு, தீவனம், உரமூட்டை, நாயின் சிகிச்சை என எல்லாவற்றையும் கடன் அட்டையில் வாங்கி, மாதந்தோறும் குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டுகிறேன். ஆனாலும் நிலுவை குறையவில்லை. இரண்டு முறை நாய் வலையைக் கிழித்துக் குஞ்சுகளைக் கொன்றுவிட்டது. ஒவ்வொரு முறையும் புதுக் குஞ்சுகள் வாங்கினேன். தனிநபர் கடன் எடுத்து 50 கோழிகளாகப் பெருக்கினால் முட்டை வருமானத்திலேயே அட்டைக் கடனை அடைத்துவிடலாம் என்கிறார் என் கணவரின் தம்பி. அரிய இனக் குஞ்சுகளைக் கொடுத்து, வளர்ந்ததும் தாங்களே திரும்ப வாங்கிக்கொள்ளும் திட்டம் ஒன்றையும் அவர் சொல்கிறார். சேரலாமா?

பதில்: வேண்டாம். கோழி வளர்ப்பில் நீங்கள் பெரிய தவறு எதையும் செய்துவிடவில்லை. உங்களைக் கெடுப்பது குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவிட்டு, அதே மாதம் அதே அட்டையில் மீண்டும் தீவனம் வாங்கும் பழக்கம்தான். அட்டையின் வட்டி மாதம் 3 சதவீதம், குறைந்தபட்சத் தொகை நிலுவையில் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 100 கடன் என்றால், புதிதாக எதுவுமே வாங்காமல் ஓராண்டு கட்டிய பிறகு நீங்கள் செலுத்தியிருப்பது ஏறத்தாழ 55. மிச்சம் நிற்பது 77. முதல் மாதம் அசலில் குறைவது 2 மட்டுமே. தீவனமும் உரமும் அந்த 2-ஐ விழுங்கிவிடுவதால்தான் நிலுவை அசையாமல் நிற்கிறது. தவறாமல் கட்டுகிறோம் என்ற நிம்மதி இதைக் கண்ணில் படாமல் செய்துவிட்டது.

இனி முட்டைக் கணக்கு. முட்டையிடும் கோழி ஒரு நாளைக்கு ஏறத்தாழ 115 கிராம் தீவனம் தின்னும். எட்டுக்கும் சேர்த்து மாதம் சுமார் 28 கிலோ, ஆண்டுக்குச் சுமார் 336 கிலோ. கோழிக்கு ஆண்டுக்கு 200 முட்டை என்று தாராளமாகவே வைத்தாலும் 1,600 முட்டை. அதாவது ஒரு கிலோ தீவனத்துக்கு ஐந்துக்கும் குறைவு. நீங்கள் வாங்கும் தீவனத்தின் கிலோ விலையை ஐந்தால் வகுத்து, கடையில் ஒரு முட்டை விற்கும் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கூண்டு, மருந்து, வட்டி எல்லாவற்றையும் அந்தச் சிறிய இடைவெளிதான் தாங்க வேண்டும். இறகு உதிர்க்கும் காலத்தில் கோழி வாரக்கணக்கில் முட்டையிடாது, ஆனால் தீனியை நிறுத்தாது. முதல் ஆண்டுக்குப் பிறகு முட்டையும் ஆண்டுக்கு ஆண்டு குறையும்.

இதையே ஐம்பதாகப் பெருக்கினால் என்ன ஆகும்? குஞ்சு முட்டையிடத் தொடங்க ஏறத்தாழ ஐந்து மாதம் ஆகும். அதற்குள் ஒவ்வொன்றும் சுமார் 7 கிலோ தின்றுவிடும். ஐம்பதுக்கு 350 கிலோ, ஒரு முட்டையும் கையில் வராமலே. கடன் தவணையோ அடுத்த மாதமே தொடங்கிவிடும். ஆண், பெண் பிரிக்காத குஞ்சுகளாக வாங்கினால் ஏறக்குறைய பாதி சேவலாகவே வளரும் என்பதையும் தம்பியிடம் கேட்டுப் பாருங்கள். அவருக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தால் அவர் பெயரில் கடன் எடுத்து அவர் வீட்டில் வளர்க்கட்டும். இதைச் சொல்வது உங்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்று தெரிகிறது. உங்கள் கணவரே சொல்வது நல்லது.

அரிய இனத் திட்டத்தைப் பற்றி அதிகம் பேச எனக்குப் பொறுமையில்லை. அந்தக் கோழிகளை யார் தின்கிறார்கள், என்ன விலைக்கு என்று கேளுங்கள். புதிதாகச் சேருபவர்களுக்குக் குஞ்சு விற்பதைத் தவிர வேறு சந்தை இல்லையென்றால், சேருபவர்கள் குறையும் நாளில் உங்களிடமிருந்து வாங்குவதற்கும் யாரும் வரமாட்டார்கள்.

இந்த மாதமே அட்டையைப் பூட்டி வையுங்கள். தீவனத்தை ரொக்கத்தில் மட்டுமே வாங்குங்கள். பணம் போதவில்லை என்றால் நான்கு கோழிகளை விற்றுவிடுங்கள். உரமூட்டைக்குச் செலவு செய்ய அவசியமே இல்லை. கோழி எச்சத்தை அப்படியே போட்டால் செடி கருகும். காய்ந்த இலைகளோடு கலந்து சில மாதங்கள் நன்றாக மட்க வைத்தால் உங்கள் தோட்டத்துக்குத் தாராளமாகப் போதும். மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே வைத்திருக்குமே தவிர நாயைத் தடுக்காது. தடித்த, பற்றவைத்த கம்பிவலையை அடிப்பகுதியில் ஓரடி மண்ணுக்குள் புதைத்துப் போடுங்கள். இந்த ஒரு செலவு மட்டும் நியாயமானது, அதையும் நான்கு கோழி விற்ற பணத்தில் செய்யுங்கள். நாய், பூனை சிகிச்சைக்கு மாதம் ஒரு சிறு தொகையைத் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள்.

தனிநபர் கடனுக்கு ஒரே ஓர் இடம் உண்டு. அதன் வட்டி அட்டை வட்டியில் பாதிக்கும் கீழே இருந்தால், நிலுவை எவ்வளவோ அவ்வளவுக்கு மட்டும் எடுத்து, அதே நாளில் அட்டைக் கணக்கை அடைத்து மூடிவிடுங்கள். கடைசித் தவணை முடியும்வரை புதுக் குஞ்சு ஒன்றுகூட வாங்காதீர்கள்.