சீனி வருத்தமும் எச்சில் பரிசோதனையும்

வணக்கம் அண்ணா,
நான் உப்புவெளியில் இருக்கிறேன், வயது 36. அம்மாவுக்கும் பெரிய மாமாவுக்கும் சீனி வருத்தம். அம்மம்மாவுக்கு அதனால் ஒரு காலையே எடுத்தார்கள். எச்சிலை அனுப்பினால் மரபணுவில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்களாம், காசு தருகிறேன் என்கிறார் கனடாவில் இருக்கும் சித்தி. இருக்கிறது என்று வந்துவிட்டால் பிறகு சோற்றையும் புட்டையும் குறைத்து என்ன பயன்? செய்யட்டுமா?
ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

அம்மம்மாவின் காலைப் பற்றி வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை.

சித்தியின் காசு மிச்சமாகட்டும். இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்ல இந்த வருத்தத்துக்கு ஒற்றை மரபணு கிடையாது. சீனி உள்ளவர்கள் பல்லாயிரம் பேர், இல்லாதவர்கள் பல்லாயிரம் பேர் என்று எடுத்து, டிஎன்ஏயில் லட்சக்கணக்கான இடங்களை ஒப்பிட்டு, எந்த மாறுபாடு சீனி உள்ளவர்களிடம் கூடுதலாக வருகிறது என்று எண்ணித்தான் தேடுகிறார்கள். 2006இல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் பிடித்த டிசிஎஃப்7எல்2 என்ற மரபணுவின் மாறுபாடு, பரவலாக உள்ள மாறுபாடுகளில் வலுவானவற்றில் ஒன்று. தாயிடமும் தகப்பனிடமும் இருந்து வரும் இரண்டு பிரதிகளில் ஒன்றில் அது இருந்தால் ஆபத்து ஏறக்குறைய 1.4 மடங்குதான். 2024இல் 25 லட்சம் பேரின் தரவைச் சேர்த்துப் பார்த்தபோது 611 இடங்கள் வந்தன, பெரும்பாலானவை தனித்தனியே மிகச் சிறியவை. அதோடு இந்தத் தேடல்களில் கூடுதலானவர்கள் ஐரோப்பியர்கள், அந்தக் கணக்கை அப்படியே நமக்குப் போட்டால் சரியாக வராது. 2011இல் தெற்காசியரிடம் தேடியபோது புதிதாக 6 இடங்கள் அகப்பட்டன. உங்கள் வீட்டில் மூன்று பேருக்கு வந்திருக்கிறது, அதுவே போதுமான எச்சரிக்கை.

அதற்காகத் தேடலே வீண் என்று நினைத்துவிடாதீர்கள். இன்சுலின் சுரக்கும் கலங்களில் துத்தநாகத்தைக் கையாளும் எஸ்எல்சி30ஏ8 என்று ஒரு மரபணு இருக்கிறது, அதில் ஒரு பிரதி பழுதானவர்களுக்கு இந்த வருத்தம் வரும் ஆபத்து 65 சதவீதம் குறைவு என்று 2014இல் கண்டார்கள். பழுதானால் நன்மை! மருந்து தேடுகிறவர்களுக்கு இது பெரிய துப்பு.

சரி, குறைத்து என்ன பயன் என்று கேட்டீர்களே, அதுதான் என்னை உறுத்தியது. அமெரிக்காவில் சீனி வரும் நிலையில் இருந்தவர்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள், 2002இல் முடிவு வந்தது. உடல் எடையில் 7 சதவீதத்தைக் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பது, இதுதான் இலக்கு. அந்தக் குழுவில் சீனி வந்தவர்கள் 58 சதவீதம் குறைவு. பிறகு அதே ஆட்களின் டிஎன்ஏயைப் பார்த்தார்கள், டிசிஎஃப்7எல்2 மாறுபாடு இருந்தவர்களுக்கும் அந்தப் பலன் கிடைத்திருந்தது. அப்படியென்றால் மரபணுவில் இருக்கிறது என்று வந்தாலும் புட்டைக் குறைக்கத்தான் வேண்டும், இல்லை என்று வந்தாலும் உங்கள் வீட்டுக் கதைக்குக் குறைக்கத்தான் வேண்டும்.

இந்தக் கிழமையே ஒரு நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் மட்டும் குடித்து, காலையில் வெறும் வயிற்றோடு ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தத்தில் சீனியைப் பாருங்கள். 126 mg/dL அல்லது அதற்கு மேல் வந்தால் பயந்துவிடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள், இன்னொரு முறை பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். கடற்கரை உங்களுக்குக் கிட்டத்தானே, பின்னேரத்தில் அரை மணித்தியாலம், வாரத்தில் ஐந்து நாள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு நடவுங்கள். என்ன எண் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.