குளிர்காலத்தில் கேம்பர்வேன்: பணம் கட்டுமுன் ஹீட்டரைக் கேளுங்கள்

கேள்வி: ஆகஸ்டில் நாங்கள் நான்கு பேர் நியூசிலாந்து குயின்ஸ்டவுனுக்குப் பனிச்சறுக்கப் போகிறோம். ஹோட்டலுக்குப் பதில் உள்ளேயே தூங்கி, சமைக்க வசதியுள்ள கேம்பர்வேன் எடுக்க எண்ணம். இணையத்தில் காட்டும் நாள் வாடகைதான் மொத்தச் செலவா? வேனிலேயே சறுக்குமலைக்கு ஏறலாமா?
- வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: ஏற வேண்டாம். கார்ட்ரோனா, ரிமார்க்கபிள்ஸ் போன்ற மலைகளுக்கு ஏறும் சாலைகளில் வேனை ஓட்டக்கூடாது என்று பல வாடகை ஒப்பந்தங்களிலேயே எழுதியிருக்கும். மீறி ஓட்டி விபத்தானால் காப்புறுதி செல்லாது, பழுதுச் செலவு முழுக்க உங்கள் தலையில் விழும். வேனை ஊரில் நிறுத்திவிட்டு சறுக்குமலை பஸ்ஸில் போங்கள். பக்கத்து ஊரான வனாக்காவுக்குப் போவதானால் கிரவுன் ரேஞ்ச் மலைப்பாதையை விட்டு, குரோம்வெல் வழி சுற்றிச் செல்லுங்கள்.

இரவுக் குளிரை கேமரன் மலையோடு ஒப்பிடாதீர்கள். அங்கே பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். ஆகவே முன்பதிவுக்கு முன் கேட்க வேண்டியது, "ஹீட்டர் எதில் ஓடுகிறது?" என்பதுதான். மின்சார ஹீட்டர் மட்டும் என்றால், மின் இணைப்புள்ள முகாமில்தான் தூங்க முடியும். டீசல் ஹீட்டர் எங்கும் ஓடும். ஆனால் அதன் விசிறிக்கும் பற்றவைப்புக்கும் வேனின் இரண்டாம் பேட்டரி வேண்டும். அந்தப் பேட்டரியும் குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும். பல வேன்களில் டாங்கி கால் பங்குக்குக் குறைந்தால் ஹீட்டரின் குழாய்க்கு டீசல் எட்டாது. நள்ளிரவில் ஹீட்டர் அணைய இதுவும் ஒரு காரணம், எனவே மாலையிலேயே டாங்கியை நிரப்புங்கள். குளிர் தாங்காமல் சமையல் அடுப்பைப் பற்றவைத்து யாரும் தூங்கிவிடக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

காலையில் வேனுக்கடியில் தண்ணீர் கொட்டிக் கிடந்தால் பதற வேண்டாம். சில வகை வெந்நீர்க் கலங்களில், உறைபனிக்குச் சற்று முன், ஏறத்தாழ 3 டிகிரியில், ஒரு வால்வு தானாகத் திறந்து நீரை வெளியேற்றிவிடும். ஹீட்டரைப் போட்டு வேனின் உள்ளே சூடேற்றி, அதன்பின் வால்வை மூடி நிரப்பினால் போதும். கைபிரேக் உறைந்து ஒட்டிக்கொள்ளும் என்பதால், குளிர் இரவில் சமதரையில் நிறுத்தி, கியரில் மட்டும் விடுங்கள். ஆட்டோ என்றால் 'பி'யில் வையுங்கள்.

டயர் சங்கிலியை வண்டி எடுக்கும் இடத்திலேயே ஒருமுறை மாட்டிப் பாருங்கள். சங்கிலிப் பெட்டியிலுள்ள எண் டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட அளவோடு ஒத்திருக்க வேண்டும். இயங்கும் சக்கரங்களில்தான் மாட்ட வேண்டும், அவை முன்னா பின்னா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில மீட்டர் ஓட்டி நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். தளர்ந்த சங்கிலி பிரேக் குழாயையே அறுத்துவிடும்.

செலவுக்கு வருவோம். நாள் வாடகையோடு முடியாது. டீசல் வண்டிக்கு அங்கே கிலோமீட்டர் கணக்கில் சாலைவரி உண்டு, அதை வண்டியைத் திருப்பும்போது வசூலிப்பார்கள். சங்கிலி வாடகை, கார்டு கட்டணம், வேறு ஊரில் விட்டால் அதற்கொரு தொகை என நீளும். காப்புறுதியைக் குறைவாக எடுத்தால் பிணைத்தொகை பல ஆயிரம் டாலர் ஆகும். அதை 'பிடித்துவைப்பார்களா', இல்லை கார்டிலிருந்து 'எடுத்துவிடுவார்களா' என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எடுத்துவிட்டால், அந்தப் பணம் திரும்பி வரும் நாளில் ரிங்கிட் மாற்று விகிதம் வேறாக இருக்கலாம், அந்த வித்தியாசம் உங்கள் கையைக் கடிக்கும்.

அங்கும் நம்மைப்போல் இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள். நம் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் அனைத்துலக ஓட்டுநர் உரிமம் எடுத்து, மலேசிய உரிமத்தோடு சேர்த்தே கொண்டுபோங்கள்.