நோர்வேயில் ஓடுவது கோண்டாவிலில் ஓடுமா?

அன்புள்ள ஐயா,

ஒஸ்லோவில் இருக்கும் என் தம்பி, தன் தெருவில் பெற்றோல் காரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்கிறான். மின்சாரக் கார்களின் விலை எங்களுக்கு எட்டும் அளவுக்கு இறங்குமா? பெற்றோல் கார் இல்லாத யாழ்ப்பாணத்தை என் பிள்ளைகளாவது காண்பார்களா? காத்திருப்பதா, பழைய நிசான் லீஃப் மின்சாரக் கார் ஒன்றை இப்போதே வாங்குவதா?

– ஒரு வாசகர், கோண்டாவில்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தம்பி அதிகம் மிகைப்படுத்தவில்லை. 2024இல் நோர்வேயில் விற்ற புதிய கார்களில் 100க்கு 89 முழு மின்சாரக் கார்கள். ஆனால் அதைச் சாதித்தது பற்றரியை விட வரிதான். மின்சாரக் காருக்குக் கொள்வனவு வரியை 1990களிலேயே நீக்கினார்கள். 2001இல் பெறுமதி சேர் வரியையும் விட்டுக்கொடுத்தார்கள். பெற்றோல் கார் வாங்குபவரிடம் கறந்தார்கள். எண்ணெயை உலகத்துக்கு விற்றுவிட்டு, தாங்கள் நீர்மின்சாரத்தில் ஓடுகிறார்கள். கெட்டிக்காரர்கள்!

பற்றரி மலிந்தது உண்மை. 2010இல் ஒரு கிலோவாற் மணி (மின்பட்டியலில் ஓர் அலகு) கொள்ளளவுக்கு 1,000 டொலருக்கு மேல் இருந்த விலை, 2024இல் 115 டொலர் அளவுக்கு விழுந்துவிட்டது. கோபால்ட்டும் நிக்கலும் தேவைப்படாத இரும்பு பொஸ்பேற்றுப் பற்றரிகள் இன்னும் மலிவு. ஆனால் சீனாவில் மலிந்த கார் கொழும்புத் துறைமுகத்தில் மறுபடி விலையேறிவிடுகிறது. மோட்டாரின் வலுவைப் பார்த்து உற்பத்தி வரி, விலை ஒரு வரம்பைத் தாண்டினால் சொகுசு வரி, பிறகு 18 சதவீதப் பெறுமதி சேர் வரி. 2020 மார்ச்சில் மூடிய இறக்குமதியைத் தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். அந்த இடைவெளியில் பழைய வாகனங்கள் விற்ற விலையை நினைத்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. ஆகவே உங்கள் முதல் கேள்விக்கான பதில் பற்றரித் தொழிற்சாலையில் இல்லை, திறைசேரியில் இருக்கிறது. டொலர் கையிருப்புக்குப் பயப்படும் அரசு வரியை எளிதில் இறக்காது.

இரண்டாவது கேள்விக்கு இல்லை என்றே சொல்வேன். 1990இல் போர்க்காலத்தில் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பெற்றோல் இங்கே மருந்துபோல் துளிக்கணக்கில் புழங்கியது. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் போன்ற பழைய கார்கள் அப்போதும் நிற்கவில்லை. கொஞ்சம் பெற்றோலைக் காட்டி இயந்திரத்தை உயிர்ப்பித்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். எரிபொருள் கலவையை அதிகம் அமுக்காத பழைய இயந்திரங்கள் என்பதால் அது சாத்தியமானது. பின்னால் போனவர்கள் புகை குடித்தார்கள், அவ்வளவுதான். பெற்றோலே ஒழிந்த ஊரில் பெற்றோல் கார் ஒழியவில்லை. பற்றரி மலிந்ததற்காகவா ஒழியப் போகிறது? எங்கள் கராஜ்காரர்கள் விடமாட்டார்கள்.

மாற்றம் வந்தால் முதலில் மோட்டார் சைக்கிளிலும் ஓட்டோவிலும் வரும். நகரத்திலிருந்து பருத்தித்துறைக்கு 35 கிலோமீற்றருக்குள்தான். குடாநாட்டுக்குள் சுற்றுபவருக்குப் பெரிய பற்றரி எதற்கு? 2022 ஜூனில் பெற்றோல் லீற்றருக்கு 470 ரூபாய் ஆகி, அதற்கும் வரிசையில் நின்றோமே, அந்த நினைவும் பலரை இழுக்கும்.

மின்சாரம் போதுமா என்று நீங்கள் கேட்கவில்லை, மற்றவர்கள் கேட்பார்கள். மின்தேவை உச்சத்தில் இருக்கும் மாலை ஆறரை முதல் இரவு பத்தரை வரை எல்லோரும் காரைச் செருகினால் சிக்கல்தான். பகலில் கதை வேறு. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தேவை குறைந்து போனதால், கூரையில் சூரியத் தகடு வைத்திருப்பவர்களை அதை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டது. அப்படி வீணாகும் வெயிலைக் காரில் ஏற்றலாம். எங்களிடம் இல்லாத பொருளா வெயில்?

இனி லீஃப். முதல் தலைமுறை லீஃபின் 24 கிலோவாற் மணிப் பற்றரி, புதிதாக இருந்தபோதே அமெரிக்கக் கணிப்பில் 117 கிலோமீற்றர் அளவுதான் ஓடியது. அதற்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது; எங்கள் வெக்கையில் சீக்கிரம் சோர்ந்துவிடும். வவுனியாவுக்கு அடிக்கடி போகிறவர் என்றால் வாங்க வேண்டாம். ஊருக்குள் ஓடத்தான் என்றால், மானியின் ஓரத்தில் பற்றரியின் நலம் காட்டும் சிறு கட்டங்களை எண்ணுங்கள். புதிதில் 12 இருக்கும். ஒன்பதுக்குக் கீழே என்றால் திரும்பி வாருங்கள். காரின் கணினியை மீட்டமைத்துக் கட்டங்களைக் கூட்டிக் காட்டும் வியாபாரிகளும் உண்டு. அதனால் முழுக்க மின்னேற்றச் சொல்லி, பருத்தித்துறை வரை போய்வந்து, எவ்வளவு மீதம் இருக்கிறது என்று பார்த்த பிறகே விலை பேசுங்கள்.